இரண்டு தொட்டி, ஒரே கறுப்புப் பை

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். எபேனில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் வேலை பார்க்கிறேன். அந்த மாடியில் ஐந்து கம்பெனிகள், ஏறக்குறைய அறுபது பேர், எல்லாருக்கும் சேர்த்து ஒரே பேன்ட்ரி. போன வருஷம் சொந்தக் காசில் இரண்டு தொட்டி வாங்கி வைத்தேன். காகிதத்துக்கு நீலம், பாட்டிலுக்குப் பச்சை. இரண்டே வாரத்தில் நீலத் தொட்டிக்குள் பாதி தின்ற நூடுல்ஸ் கிடந்தது. நோட்டீஸ் ஒட்டினேன், யாரும் படிக்கவில்லை. யார் எந்த வாரம் பார்த்துக்கொள்வது என்று அட்டவணை போட்டேன், முதல் வாரமே நின்றுபோனது. கோபத்தில் தொட்டியைப் படம் பிடித்து மாடிக்கான வாட்ஸாப் குழுவில் போட்டேன். அது யாருடைய சாப்பாட்டுப் பெட்டி என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. போதாததற்கு, சாயங்காலம் துப்புரவுக்கு வருகிற அம்மா இரண்டு தொட்டியையும் ஒரே கறுப்புப் பையில் கொட்டிக் கட்டிக்கொண்டு போகிறார். அபராதம் வைத்தால் சரியாகுமா? இவர்களை எப்படித் திருத்துவது? இன்னொன்று: காபிக் கப் எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும்?

வாசகி, எபேன், மொரீஷியஸ்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நூடுல்ஸ், நோட்டீஸ், வாட்ஸாப் படம் எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிட்டு, கறுப்புப் பையைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். நான் அடிக்கோடிட்டு வைத்திருப்பது அந்த வரியைத்தான்.

நாள் முழுக்கப் பிரித்துப் போட்டதை சாயங்காலம் ஒரே பையில் கொட்டுவதை உங்கள் மாடியில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஐந்தரை மணிக்கு மேல் இருந்து வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும். ஒருவர் பார்த்தாலே மறுநாள் காலை டீக்குள் மாடி முழுவதும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு அழகாக நோட்டீஸ் எழுதினாலும் அவர்கள் காதில் விழுவது ஒன்றுதான்: “எல்லாம் ஒரே பைக்குத்தானே போகுது?” அந்தக் கேள்வி நியாயமானது. நானாக இருந்தாலும் கேட்பேன்.

கட்டடப் பராமரிப்பும் கழிவு ஏற்பாடும் என் தொழில். வேலைக்கு வந்த புதிதில் போர்ட் லூயியில் ஓர் அலுவலகத்துக்கு மூன்று நிறத் தொட்டிகள் வைத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் நன்றாகவே நடந்தது. கணக்குப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். தயிர் டப்பாவைக்கூடக் கழுவித் துடைத்துத்தான் போடுவார். ஒரு நாள் அவர் சீக்கிரமாகக் கிளம்பிப் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறார். மூன்று நிறப் பைகளும் ஒரே லாரியில், ஒன்றின் மேல் ஒன்றாக விழுவதைப் பார்த்திருக்கிறார். என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் முதல் டப்பாவைக் கழுவுவதை நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் அவர் பக்கத்து மேசைக்காரர் நிறுத்தினார். எங்கே ஓட்டை என்று தேடிப் போனபோது, துப்புரவு ஒப்பந்தத்தில் இதைப் பற்றி இருந்தது ஒரே வரி: தினமும் குப்பையை அகற்ற வேண்டும். அகற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துப் போக வேண்டும் என்று யாரும் எழுதவில்லை, அதற்குக் காசும் கொடுக்கவில்லை. தொட்டி வாங்கும்போதே அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படித்திருக்க வேண்டியவள் நான்.

ஆகவே, “இவர்களை எப்படித் திருத்துவது” என்ற கேள்வியை ஒரு மாதத்துக்கு ஒத்தி வையுங்கள். அந்த நீலத் தொட்டியையும் பச்சைத் தொட்டியையும்கூட இப்போதைக்கு எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். “பிரித்தது தனியாகப் போக இன்னும் வழி இல்லை, வழி கிடைத்ததும் திரும்ப வைக்கிறேன்” என்று குழுவில் ஒரே ஒரு வரி போடுங்கள். உண்மையை ஒத்துக்கொண்டு எடுத்துவிட்டால், திரும்ப வைக்கும்போது அந்தத் தொட்டிக்கு ஒரு மரியாதை இருக்கும். பொய்யாக நிற்கிற தொட்டி, பின்னால் வரப்போகிற உண்மையான தொட்டியையும் சேர்த்தே கெடுத்துவிடும்.

அடுத்தது அந்தத் துப்புரவு அம்மா. கடிதத்தில் அவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவரிடம் பேசியதாக எழுதவில்லை. நாளைக்கே பேசுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். எத்தனை மாடி அவர் பொறுப்பு, எவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டும், வாரத்துக்கு எத்தனை பை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் பேசிப் பார்த்த இடங்களில் அநேகமாக ஒரே கதைதான். இரண்டு மணி நேரத்தில் மூன்று மாடி, ஒரு தள்ளுவண்டி, அதில் ஒரே ஒரு பை மாட்டத்தான் இடம். இரண்டு பை என்றால் லிஃப்டில் இரண்டு நடை. அந்தக் கூடுதல் நடைக்கு அவருக்கு யாரும் ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுப்பதில்லை. இரண்டையும் ஒன்றாகக் கொட்டுவதை அவர் அலட்சியத்தால் செய்யவில்லை. கொடுத்த நேரத்துக்குள் வேலையை முடிக்க அவருக்கு இருக்கிற வழி அது ஒன்றுதான்.

முடிந்தால் ஒரு நாள் அவரோடு கீழே போங்கள். சரக்கு லிஃப்டில் இறங்கி, பின்பக்கம் அந்தப் பெரிய சக்கரத் தொட்டிகள் நிற்கிற இடம் வரை நடங்கள். மூடியைத் திறந்து பாருங்கள். லாரி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறது, யாருடைய லாரி என்று காவலாளியிடம் கேளுங்கள். அரை மணி நேர வேலை. உங்கள் மாடி மேலாளர்கள் ஐந்து பேரும் சேர்ந்து அறிந்ததைவிட அதிகமாக நீங்கள் அறிந்துவிடுவீர்கள். ஐந்து கம்பெனியில் எது எவ்வளவு குப்பை போடுகிறது, எந்தக் கிழமை கூடுதல், யார் மிச்சச் சாப்பாட்டைப் பெட்டியோடு போடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கு மனப்பாடம். எந்த அலுவலகத்துக்கு ஆலோசனை சொல்லப் போனாலும் நான் முதலில் உட்கார்ந்து பேசுவது துப்புரவுக்காரரிடம்தான். மேலாளர் அறைக்கு அப்புறம்தான் போவேன்.

அந்த லாரியிலிருந்து குப்பை எங்கே போகிறது என்பது நம் தீவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இடைநிலையங்கள் வழியாகக் கடைசியில் மார் ஷிக்கோஸ். 1997இல் திறந்த அந்த ஒரே கிடங்கைத்தான் மொரீஷியஸ் தீவு முழுவதும் நம்பியிருக்கிறது. பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் போடுவது அங்கே குவிந்து, பக்கவாட்டில் இடம் போதாமல், இப்போது மேல்நோக்கி வளர்கிறது. குப்பைக்குள் கிளம்புகிற மீத்தேன் வாயுவைக் குழாய் போட்டு எடுத்து 2011 முதல் மின்சாரம் தயாரிக்கிறார்கள். நல்ல வேலை. அதனால் மேடு சிறுத்துவிடாது. கண்டத்தில் இருக்கிற நாட்டுக்கு அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று இடம் கிடைக்கும். 1,865 சதுர கிலோமீட்டர் தீவில், சுற்றிலும் கடல் இருக்க, அடுத்த இடம் எங்கே? உங்கள் பேன்ட்ரி தொட்டியைப் பற்றி நான் இவ்வளவு நீளமாக எழுதுவது இதனால்தான்.

சரி, வழி எங்கே கிடைக்கும்? கட்டடத்தின் சிண்டிக்கிடம், அதாவது பொதுப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிற நிர்வாகத்திடம். ஐந்து கம்பெனியும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறீர்கள். துப்புரவு ஒப்பந்தம் அநேகமாக அந்தக் கணக்கில்தான் போகும். நீங்கள் ஒருத்தியாகப் போய்க் கேட்டால், “பார்க்கலாம்மா” என்பார்கள். ஐந்து மேலாளர்களும் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கக் கடிதமாகப் போனால் பதில் எழுதியாக வேண்டும். கடிதத்தில் மறுசுழற்சி, சுற்றுச்சூழல் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், காகிதமும் அட்டையும் தனிப் பையில் கீழே இறங்க வேண்டும், அதற்குத் தனி இடம் வேண்டும், அந்தக் கூடுதல் நேரத்தை ஒப்பந்தத்தில் சேர்த்து அந்த அம்மாவின் கூலியில் காட்ட வேண்டும். இவ்வளவு போதும்.

எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். காகிதம், அட்டை, பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் ஆகியவற்றை அலுவலகத்துக்கே வந்து எடுக்கிற தனியார் நிறுவனங்கள் உண்டு. மிசியோன் வெர்த் போன்ற தன்னார்வ அமைப்பு பல வருஷமாகப் பொது இடங்களில் தொட்டி வைத்துச் சேகரித்து வந்திருக்கிறது. யாரிடம் பேசினாலும் மூன்று விஷயம் கேளுங்கள். எதை எடுப்பீர்கள், எதை எடுக்க மாட்டீர்கள், எடுத்ததை எங்கே கொண்டுபோகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு பொருள்தான் எடுப்பேன் என்றால் அந்த ஒன்றோடு ஆரம்பியுங்கள். ஐந்து நிறத் தொட்டிகளைவிடச் சரியாகப் போய்ச் சேர்கிற ஒரு தொட்டி மேல்.

ஆள் கிடைக்கிற வரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு வேலை செய்யுங்கள், கொஞ்சம் அருவருப்பான வேலை. ஒரு புதன்கிழமை சாயங்காலம், அந்த அம்மாவின் அனுமதியோடு, பேன்ட்ரி பையைத் தரையில் பழைய செய்தித்தாள் விரித்துக் கொட்டிப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று கையில் இருக்கட்டும். நான் இப்படிக் கொட்டிய பைகளில் பார்த்ததைச் சொல்கிறேன். மேலாக, டால்பூரி சுற்றி வந்த காகிதம். எண்ணெயும் ரூகாய் என்கிற தக்காளிக் குழம்பும் ஊறி, பிடித்தால் விரல் தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாகியிருக்கும். அதற்குக் கீழே பாதிச் சோறு, மிச்சக் குழம்பு, வாழைப்பழத் தோல், தேயிலைப் பை. கை துடைத்த டிஷ்யூ, உருண்டை உருண்டையாக, எண்ணி முடியாது. தண்ணீர் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு விரல்கடை தண்ணீர். அடியில் நசுங்கிய நல்ல அட்டைப்பெட்டி ஒன்று, மேலிருந்து வடிந்த குழம்பில் நனைந்து.

அந்த அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். காலையில் கூரியர்காரர் கொண்டுவந்தபோது விலை போகிற சரக்கு அது. காகிதத்தைத் தண்ணீரில் கூழாக்கித்தான் மறுபடி காகிதம் செய்கிறார்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது. நாரோடு ஒட்டிக்கொண்டு வந்து புதுக் காகிதத்தில் கறையாகவும் ஓட்டையாகவும் தெரியும். அதனால் எண்ணெய் பட்டதை யாரும் வாங்க மாட்டார்கள். உங்கள் மாடியில் காகிதத்துக்கு எதிரி பிளாஸ்டிக் என்று நினைத்திருப்பீர்கள். குழம்புதான் எதிரி. சாப்பாட்டைத் தனியே எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே பாதி சுத்தமாகிவிடும்.

ஆகவே உங்கள் முதல் தொட்டி சாப்பாட்டுக்கு. மூடி இறுக்கமாக மூடுகிற பத்து லிட்டர் வாளி ஒன்று, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். அதன் மேல் ஒரு பழைய சல்லடை வைத்தால் குழம்புத் தண்ணீர் வடிந்துவிடும், நாற்றம் பாதி குறையும். தினமும் சாயங்காலம் காலியாக வேண்டும். வெள்ளிக்கிழமை கட்டாயம். ஜனவரி வெயிலில் இரண்டு நாள் மூடிக் கிடந்த வாளியைத் திங்கள் காலையில் திறந்தவர்கள் மறுபடி அந்தப் பக்கம் வர மாட்டார்கள். நம் தீவின் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மட்கக்கூடியதுதான். அதைத் தோட்டத்துக்கு எடுத்துப் போக ஆள் கிடைப்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. ஓர் இடத்தில் இரவுக் காவலாளியே முன்வந்தார். அவருக்கு வீட்டில் சூசூ (சௌசௌ) கொடி, வெண்டை, பச்சை மிளகாய் உண்டு. தோலும் காய்கறிக் கழிவும் தேயிலையும் மட்டும் போதும், இறைச்சியும் மீனும் வேண்டாம் என்றார். ஆறு மாதம் கழித்து ஒரு பை சூசூக்காய் பேன்ட்ரி மேசையில் இருந்தது. அந்த வாளிக்கு அதற்கப்புறம் யாரும் நோட்டீஸ் எழுதவில்லை.

இப்போது தொட்டியின் இடம். உங்கள் மாடியில் ஒவ்வொரு மேசைக்கடியிலும் ஒரு குட்டித் தொட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிடுங்கள். முணுமுணுப்பார்கள், இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும். காலடியில் தொட்டி இருந்தால் கை யோசிக்காமல் போட்டுவிடும். எழுந்து பத்தடி நடந்து போகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்ப்பார். அந்த ஒரு பார்வை போதும். எல்லாத் தொட்டியும் ஒரே இடத்தில், வரிசையாக, தோளோடு தோள் நிற்க வேண்டும். காகிதத் தொட்டி ஒரு மூலையில் தனியாக நின்றால் அது குப்பைத்தொட்டியாகிவிடும். உங்கள் நீலத் தொட்டிக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும். நூடுல்ஸ் பெட்டியோடு வந்தவருக்கு அருகில் வேறு தொட்டி இருந்ததா என்று போய் நின்று பாருங்கள்.

மூடியும் முக்கியம். காகிதத் தொட்டிக்கு நீளக் கீறல் மட்டும் இருக்கிற மூடி, பாட்டில் தொட்டிக்கு வட்ட ஓட்டை. அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2009இல் வெளிவந்த ஆய்வு அது. பொருளின் வடிவத்துக்கு ஏற்ற ஓட்டையோடு மூடி போட்டதும், பான பாட்டில்களும் டப்பாக்களும் மறுசுழற்சித் தொட்டிக்கு வருவது 34 சதவீதம் கூடியது. மூடி கடையில் கிடைக்காவிட்டால் அட்டையில் நீங்களே வெட்டி ஒட்டலாம். சாப்பாட்டுப் பெட்டி கீறலுக்குள் நுழையாது. உள்ளே போகாத பெட்டியோடு நிற்கிறவர் தானே பக்கத்துத் தொட்டியைத் தேடுவார். யாரும் யாரையும் கண்டிக்க வேண்டிய அவசியமே வராது.

நோட்டீஸ் பற்றி. நீங்கள் எழுதியதை அனுப்பவில்லை. ஆனால் “இங்கே பலர் தொட்டியைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்” என்கிற மாதிரி ஏதோ இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். கோபத்தில் எல்லாரும் எழுதுவது அதுதான். அரிசோனாவில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் கிடக்கிற தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் துண்டு துண்டாகத் திருடிக்கொண்டு போவார்கள். “முன்பு வந்த பலர் எடுத்துப் போய்விட்டார்கள்” என்று பலகை வைத்த பாதையில், ஆய்வுக்காகப் பாதையோரம் போட்டு வைத்திருந்த துண்டுகளில் ஏறக்குறைய 8 சதவீதம் காணாமல் போயின. “தயவுசெய்து எடுக்காதீர்கள்” என்று மட்டும் எழுதிய இடத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்வது, நீயும் செய்யலாம் என்று சொல்வதாகிவிடுகிறது. ஆகவே குறை எழுதாதீர்கள். எழுத்தையே குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலி பாட்டில், ஒரு தாள், ஒரு வாழைப்பழத் தோலின் படம் ஆகியவற்றை அந்தந்தத் தொட்டிக்கு மேல் சுவரில் ஒட்டுங்கள். வார்த்தை வேண்டுமென்றால், இங்கே எல்லாரும் பேசுகிற கிரியோலில் இரண்டு வார்த்தை. ஆங்கில நோட்டீஸ் மேலிடத்து உத்தரவு மாதிரி இருக்கும். கிரியோலில் எழுதினால் பக்கத்து மேசைக்காரர் சொன்ன மாதிரி இருக்கும்.

அபராதம் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்களில் ஒரு சோதனை நடந்தது, 2000இல் அதை வெளியிட்டார்கள். பிள்ளையைக் கூப்பிடத் தாமதமாக வருகிற பெற்றோருக்கு அபராதம் வைத்தார்கள். தாமதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை காத்திருக்கிற ஆசிரியையை நினைத்து ஓடி வந்தவர்கள், காசு கொடுத்ததும் அது வாங்கிய நேரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. உங்கள் மாடியில் ஐம்பது ரூபாய் வைத்தால் “ஐம்பது ரூபாய் போட்டாச்சு, விடு” என்பார்கள். ஐந்து கம்பெனியில் யார் வசூலிப்பது, யார் சாட்சி? தொட்டியைக் காக்கப் போய் மாடியையே இரண்டாகப் பிளந்துவிடுவீர்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் தொனிக்கிறது. அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2020 ஜூலையில் வகாஷியோ கப்பல் பவளப்பாறையில் ஏறி, ஆகஸ்டில் எண்ணெய் கசிந்தபோது மாயேபூர் கரையில் என்ன நடந்தது? துணியைப் பை பையாகத் தைத்து, உள்ளே கரும்புச் சோகையை அடைத்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி, கடலில் தடுப்பு போட்டார்கள். தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள். யாரும் அட்டவணை போடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது, செய்தது உடனே பலன் தந்ததும் தெரிந்தது. உங்கள் மாடியிலும் அந்தக் கரைக்குப் போனவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். பீர் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை கட்டி வாங்கிய ஃபீனிக்ஸ் பாட்டிலை யாராவது குப்பையில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? காலிப் பெட்டியைக் காரில் ஏற்றிக் கடையில் திருப்பிக் கொடுக்கிற அதே மனிதர்தான் அலுவலகத்தில் தண்ணீர் பாட்டிலைக் கண்ட இடத்தில் போடுகிறார். ஒன்றுக்குத் திரும்பிப் போகிற வழி இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை.

காவடி முடிந்து கோவிலில் ஏழு கறி பரிமாறுவார்களே, அந்தப் பந்தியை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பேர் வாழையிலையில் சாப்பிட்டு எழுகிறார்கள். சுவரில் ஒரு நோட்டீஸ் கிடையாது. வரிசை முடிகிற இடத்தில் ஓர் ஆள் பெரிய கூடையோடு நிற்கிறார். இலையை மடிக்கிற கை, எழுந்திருக்கும்போதே அந்தக் கூடையைப் பார்த்துவிடுகிறது. சின்னப் பிள்ளைகூட இலையைச் சிந்தாமல் இரண்டு கையால் தூக்கிக்கொண்டு போகும். கூடை காலையிலேயே அங்கே வைக்கப்பட்டதால் நடக்கிற காரியம் இது. சாப்பிட்டு முடித்த பிறகு தேடினால் நடக்காது. உங்கள் பேன்ட்ரியிலும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு, சாப்பிட்டு எழுந்திருக்கிறவர் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் தொட்டிகளை வையுங்கள்.

பழைய சார்ஜர், செத்த பேட்டரி, டோனர், உடைந்த விசைப்பலகை ஆகியவற்றைத் தினசரித் தொட்டியில் கலக்க விடாதீர்கள். அலமாரியில் ஒரு பெட்டி வைத்துச் சேர்த்துக்கொண்டே வந்து, வருஷத்துக்கு ஒரு முறை மின்னணுக் கழிவு எடுக்கிறவர்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாம். நான் போகியன்று கொடுக்கச் சொல்வேன். பழையன கழிக்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை, தமிழர் அல்லாதவர்களும் அந்தக் காரணத்தைக் கேட்டு ஆர்வமாகக் கொண்டுவந்து போடுகிறார்கள்.

பேசாமல் இருக்கிற அந்தச் சக ஊழியர். இதற்குத் தொட்டி மூடியில் வழி இல்லை, நீங்களே போக வேண்டும். வாட்ஸாப்பில் மன்னிப்புக் கேட்காதீர்கள், அது இன்னொரு தடவை அவரை அறுபது பேர் நடுவில் நிறுத்துவதாகும். தனியாகப் போய், “அந்தப் படம் போட்டது தப்பு, பக்கத்தில் சரியான தொட்டி வைக்காமல் உங்களைக் குறை சொல்லிவிட்டேன்” என்று சொல்லுங்கள். படத்தைக் குழுவிலிருந்து நீக்க முடிந்தால் நீக்குங்கள். பிறகு அவரிடமே ஒரு யோசனை கேளுங்கள்: சாப்பாட்டுப் பெட்டியோடு எழுந்திருக்கும்போது தொட்டி எங்கே இருந்தால் உங்களுக்கு வசதி? உண்மையாகவே கேளுங்கள், அவர் சொல்கிற இடத்தில் ஒரு வாரம் வைத்தும் பாருங்கள். உங்கள் மாடியில் அந்தக் கேள்விக்கு அவரைவிடத் தெளிவாகப் பதில் சொல்லக்கூடியவர் இல்லை.

காபிக் கப்: காகிதம் மாதிரி இருந்தாலும் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, காபி கசியாமல் இருப்பது அதனால்தான். கூழாக்கும்போது அது லேசில் பிரியாது. 2021இல், தைப்பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி 15 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், கரண்டிகளுக்குத் தடை வந்தபோது பலர் காகிதக் கப்புக்கு மாறினார்கள். பார்க்க வித்தியாசம் தெரிவதில்லை என்பதால் எல்லாரும் அதைக் காகிதத் தொட்டியில் போடுகிறார்கள். உங்கள் சேகரிப்பாளர் எழுத்தில் “எடுப்பேன்” என்று சொன்னால் ஒழிய அது சாதாரணக் குப்பைக்குத்தான் போக வேண்டும், மிச்சக் காபியைக் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு. பேன்ட்ரி அலமாரியில் அறுபது கொக்கி அடித்து, ஆளுக்கொரு கப்பைப் பெயர் எழுதி மாட்டிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. கொக்கிக்கான செலவை சிண்டிக்குக்கு எழுதுகிற கடிதத்திலேயே சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.